மஞ்சள் தண்ணீரில் கழுவிய மைக்ரோமீட்டர்

எங்கள் பக்கம் என்ஜின் வேலையில் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய பெரிய மரியாதை, அவர் சொன்ன அளவை இன்னொருவர் திரும்ப அளந்து பார்க்காமல் இருப்பதுதான். எனக்கு அது கிடைத்திருந்தது.

கொடுத்தவர் தருமபுரியில் சிலிண்டர் போரிங் கடை வைத்திருப்பவர். வருஷா வருஷம் ஐயப்பன் மலைக்கு ஆட்களைக் கூட்டிப்போவதால் எல்லோருக்கும் அவர் குருசாமி. பிஸ்டன் போய்வரும் குழாயைப் பிஸ்டனின் தடிமனுக்கு ஏற்றபடி கடைந்து தருவது அவர் தொழில். மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து அதில் இரண்டு மூன்று பங்கு கூடினாலும் குறைந்தாலும் என்ஜின் காட்டிக்கொடுத்துவிடும். நல்லம்பள்ளிப் பக்கம் ரோட்டோரத்தில் என் அண்ணனுக்கு ஒரு மெக்கானிக் பட்டறை. நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் தர ஆய்வுக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். விடுமுறைக்கு வரும்போது அண்ணனுடைய வேலைகளுக்கு அளவு எடுத்துக் கொடுப்பேன். ஆரம்பத்தில் குருசாமி நான் சொன்ன எண்ணைக் கேட்டுக்கொண்டு, பேசாமல் தானும் ஒருமுறை அளந்து பார்ப்பார். பிறகு ஒரு நாள் அளக்கவில்லை. அதற்கப்புறம் அளப்பதையே விட்டுவிட்டார். "பாப்பா நம்பரா? அப்ப ஓட்டு" என்பார். அந்த நான்கு சொற்களுக்காகவே நான் சில சனிக்கிழமைகளில் பஸ் ஏறியிருக்கிறேன்.

அந்தக் கார்த்திகையில் அண்ணனுக்கு வந்த வேலை கொஞ்சம் வித்தியாசமானது. காரிமங்கலத்துப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர் ஒருவர் தன்னுடைய பழைய முந்நூற்றைம்பது சிசி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவரும் கனமான ஆள், பின்னால் உட்காரும் மனைவியும் அப்படியே. சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் மேட்டில் வண்டி மூச்சு வாங்குகிறது என்றார்.

"லாரிக்காரனெல்லாம் ஆரன் அடிச்சிட்டுத் தாண்டிப் போறான்மா. மனுசனுக்கு அழகா அது?"

"என்னைய எறங்கி நடக்கச் சொல்றாருங்க. நடந்தா நாந்தான் மொதல்ல மேல போவேன்" என்றார் மனைவி.

அண்ணன் என்னைப் பார்த்தான். இருவருக்கும் ஒரே யோசனைதான். என்ஜினை ஸ்ட்ரோக்கராக மாற்றுவது. பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரத்தைக் கூட்டினால் ஒவ்வொரு வெடிப்பிலும் இழுவை கூடும். அதிவேகம் வராது, ஆனால் மேட்டில் இழுக்கும். அந்தத் தம்பதிக்கு அதுதான் தேவை.

தூரத்தைக் கூட்டுவது சுலபம். பிஸ்டனை ஆட்டும் கிராங்கில் இருக்கும் பின்னை மையத்திலிருந்து மூன்று மில்லிமீட்டர் வெளியே தள்ளிவைத்தால் போதும். மேலே மூன்று, கீழே மூன்று, மொத்தம் ஆறு கூடிவிடும். கஷ்டம் அதற்குப் பிறகுதான் வரும். மேலே கூடிய மூன்று மில்லிமீட்டருக்குப் பிஸ்டன் சிலிண்டரை விட்டு வெளியே எட்டிப் பார்க்கும். மேலே மூடியிருக்கும் ஹெட்டில் போய் முட்டும்.

"சிலிண்டருக்கு அடியில மூணு எம்எம் பிளேட் வெச்சுடலாமே. லேத்துல ஒரு மணி நேர வேலை" என்றான் அண்ணன்.

"சிலிண்டரைத் தூக்கினா ஹெட்டும் தூக்கிக்கும். அப்ப வால்வைத் தள்ளுற புஷ்ராடு பத்தாது. அதையும் நீட்டணும். நீட்டினா அது வளையாம இருக்கணும்."

"நீ எதுக்கும் சரின்னு சொல்ல மாட்டியா?"

"பிஸ்டனை மாத்தலாம்னு சொல்றேன்."

பிஸ்டனைக் கோத்துப் பிடிக்கும் பின் நுழையும் துளை வழக்கத்தைவிட மூன்று மில்லிமீட்டர் மேலே இருக்கும் பிஸ்டன் வேண்டும். அப்படியானால் பிஸ்டனின் தலை அதே அளவுக்குத் தாழ்ந்து, பழைய இடத்திலேயே வந்து நிற்கும். வேறு எதையும் தூக்க வேண்டாம். ஓசூர் அறையில் உட்கார்ந்து சில வாரங்கள் அதைத்தான் தேடினேன். தேடத் தேட என் பட்டியல் நீண்டது. தலை மேடாக இருக்கக் கூடாது, தூரம் கூடியதால் ஏற்கெனவே அழுத்தம் கூடியிருக்கிறது, பங்க்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலுக்கு என்ஜின் உள்ளே தட்டும். ஆகவே தட்டையான தலை. பாவாடை என்று சொல்லும் பிஸ்டனின் கீழ்ப்பகுதி நீளமாக இருந்தால் அடியில் சுழலும் ஃப்ளைவீலில் உரசும். ஆகவே குட்டையான பாவாடை. எடை பழையதிலிருந்து அதிகம் மாறக் கூடாது, மாறினால் அதிர்வு வரும்.

அண்ணனுக்கு ஃபோர்ஜ்டு பிஸ்டன்மேல் ஆசை. பந்தய வண்டிக்காரர்கள் போடுவது அது. அடித்து உருவாக்கியதால் பலம் அதிகம், ஆனால் சூட்டில் அதிகமாக விரியும். அதற்காகக் குளிரில் கூடுதல் இடைவெளி விட வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்தால் சூடேறும்வரை கடகடவென்று சத்தம் போடும். மாந்தோப்புக்காரர் காலையில் வீட்டிலிருந்து தோப்புக்குப் போவார், பத்து நிமிஷ ஓட்டம். அவருடைய என்ஜின் வாழ்நாள் முழுக்கக் குளிரிலேயே கடகடத்துக்கொண்டிருக்கும். வார்ப்பில் செய்த பிஸ்டன் போதும் என்றேன். அது இடைவெளி குறைவாகவே கேட்கும், அமைதியாக ஓடும். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு பழைய நீளத்திலேயே புதியது, அடியில் உருளை பேரிங் வைத்தது. ரிங்குகள் சாதாரண வார்ப்பிரும்பு.

கோயம்புத்தூரில் ஒரு வியாபாரியிடம் நான் கேட்ட மாதிரியே ஒரு பிஸ்டன் இருந்தது. ஒன்றே ஒன்று, ஒரே ஒரு ஓவர்சைஸில். அதாவது சிலிண்டரை அந்த ஒரு பிஸ்டனுக்குச் சரியாகக் கடைய வேண்டும். கொஞ்சம் அதிகமாகக் கடைந்துவிட்டால் அடுத்த சைஸ் பிஸ்டன் போட்டுச் சரிக்கட்ட முடியாது. அடுத்த சைஸ் என்று ஒன்று இல்லை.

பார்சல் வந்த வாரம் அண்ணன் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தான். குருசாமியும் மாலையில் இருந்தார். ஞாயிறு மாலை இருமுடி கட்டி எல்லோரும் ஒரே வேனில் கிளம்புவதாக ஏற்பாடு. அதற்குள் சிலிண்டரைக் கடைந்து வைத்துவிட வேண்டும் என்பது அண்ணனின் அவசரம். திரும்பி வந்ததும் மாட்டிவிடலாம். நான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் மைக்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

மாலை போட்ட வீட்டில் எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வீட்டுக்குத் தூரமாக இருக்கும் நாட்களில் பெண்கள் அங்கே இருக்க மாட்டார்கள். நான் நாள் பார்த்துத்தான் வந்திருந்தேன். இன்னும் ஒரு வாரம் இருந்தது. என் உடம்பு நான் போட்டுவைத்த கணக்கைப் பார்க்கவில்லை. சனிக்கிழமை காலை எழுந்தபோதே தெரிந்துவிட்டது.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா வாயில் கை வைத்தாள். மாலை போட்டதிலிருந்து அண்ணனும் அவளுக்குச் சாமிதான்.

"சாமி குளிச்சுட்டு வர்ற நேரம். நீ இப்பிடியே பின்னால வழியாப் போயி அந்த ரூம்புல இரு. ஒண்ணையும் தொடாத."

அந்த அறை பட்டறைக்குப் பின்னால், பழைய டயர்களும் உர மூட்டைகளும் போட்டுவைக்கும் இடம். கம்பி போட்ட ஜன்னல் ஒன்று பட்டறையைப் பார்த்து இருக்கும். அங்கே ஒரு பாயும் தட்டும் டம்ளரும் வந்தன. பகல் பஸ்ஸில் ஓசூருக்கே திரும்பிவிடலாம் என்றால், தலையை நிமிர்த்தாமல் பட்டறை வழியாக ரோட்டுக்குப் போக வேண்டும். அங்கே மாந்தோப்புக்காரர் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தன் சிலிண்டர் கடைவதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டுமாம்.

"எஞ்சினியரம்மா வரலீங்களா?" என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது.

"வந்துச்சுங்க சாமி. அதுக்கு ஒடம்பு சரியில்ல" என்றான் அண்ணன். பிறகு ஜன்னலுக்குக் கொஞ்சம் தள்ளி வந்து நின்று, வேறு பக்கம் பார்த்தபடி மெதுவாகக் கேட்டான். "பிஸ்டனை நானே அளக்கறேன். எப்பிடின்னு சொல்லு."

மைக்ரோமீட்டர் என் பையில் இருந்தது. பையில் என் துணிகளும் இருந்தன. அம்மா வந்து அதன் பெட்டியை ஒரு குச்சியால் தள்ளாத குறையாக எடுத்துப்போனாள். கொஞ்ச நேரத்தில் அண்ணன் கையில் அது இருந்தது. அதை நான் கவனிக்கவில்லை, பிஸ்டனை அவன் எப்படிப் பிடித்திருக்கிறான் என்பதில் என் கவனம் இருந்தது.

"தலைப்பக்கம் வேண்டாம். பாவாடையில. பின் ஓட்டைக்குக் குறுக்கால. ம், அங்கதான். நுனி ராட்செட்டை மட்டும் திருகு, அழுத்தாத."

மூன்று முறை அளக்கச் சொன்னேன். மூன்று முறையும் ஏறக்குறைய ஒன்றே வந்தது.

"எழுவது புள்ளி நாப்பத்தாறு."

நான் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகம். ஆனால் பிஸ்டனுக்குப் பிஸ்டன் மாறும். இடைவெளிக்கு ஆறு புள்ளி, அதாவது நூற்றில் ஆறு பங்கு, சேர்த்து எழுபது புள்ளி ஐம்பத்திரண்டு என்று கடையச் சொன்னேன். அண்ணன் பிஸ்டனையும் சிலிண்டரையும் துணியில் சுற்றிக்கொண்டு, மாந்தோப்புக்காரரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினான்.

அம்மா காபி கொண்டுவந்து வாசல்படியில் வைத்தாள். குனிந்தபோது அவள் முந்தானை நுனி மஞ்சளாக இருந்தது.

"அந்தக் கருவியை நல்லாச் சுத்தம் பண்ணித்தாம்மா குடுத்தேன்" என்றாள், நான் கவலைப்படுவேன் என்று நினைத்து. "மஞ்சத்தண்ணில முக்கியெடுத்து, தொடைச்சு, சாமி படத்து முன்னால வெச்சுட்டுத்தான் குடுத்தேன்."

காபியை அங்கேயே விட்டேன். மைக்ரோமீட்டரைக் கொண்டுவரச் சொன்னேன். "தொட்டீன்னா மறுபடியும் கழுவணும்" என்று சொல்லியபடியே கொண்டுவந்து தரையில் வைத்தாள். பிஸ்டனைக் கவ்வும் இரண்டு முகங்களிலும் வெளிச்சத்தில் பிடித்தால் மட்டும் தெரிகிற மஞ்சள் ஏடு காய்ந்திருந்தது. பெட்டியில் சரிபார்ப்பதற்கென்றே ஐம்பது மில்லிமீட்டர் கம்பி ஒன்று உண்டு. அதை வைத்துப் பார்த்தேன். ஐம்பது காட்ட வேண்டியது, ஐம்பது புள்ளி பூஜ்யம் மூன்று காட்டியது. முகங்களை வெள்ளைத்தாளில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். சரியாக ஐம்பது.

அப்படியானால் பிஸ்டன் நாற்பத்தாறு இல்லை, நாற்பத்து மூன்று. சிலிண்டரை நாற்பத்தொன்பதுக்குக் கடைய வேண்டும். ஐம்பத்திரண்டுக்குக் கடைந்தால், எந்தக் கடகடப்பு வேண்டாமென்று ஃபோர்ஜ்டு பிஸ்டனை ஒதுக்கினேனோ அதே கடகடப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். திருத்துவதற்கு வேறு பிஸ்டன் கிடையாது.

அண்ணனுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பான். மறுபடியும் அடித்தேன். மறுபடியும். கடைசியில் எடுத்தபோது பின்னால் போரிங் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"நிறுத்தச் சொல்லு. அம்பத்திரண்டு வேண்டாம். நாப்பத்தொம்பது."

"கையெல்லாம் ஆயில். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், குருசாமிகிட்டயே சொல்லு."

மிஷின் சத்தம் அடங்கியது. "என்னாம்மா?" என்றார் குருசாமி.

"நாப்பத்தொம்பதுங்க, குருசாமி."

"இப்பத்தான அம்பத்திரண்டுன்னு சாமி சொல்லுச்சு. நீ அளந்ததுன்னு சொல்லுச்சு. பாப்பா நம்பருன்னுதான் நான் பிஸ்டனைக் கையிலயே எடுக்கல."

அண்ணன் நான் அளந்ததாகச் சொல்லியிருக்கிறான். ஏன் என்று எனக்கு உடனே புரிந்தது. தான் அளந்ததாகச் சொன்னால், பாப்பா ஏன் அளக்கவில்லை என்று கேள்வி வரும்.

"மைக்ரோமீட்டர்ல அழுக்கு இருந்துச்சுங்க."

"உன்னுதுலயா? கொழந்தையாட்டம் துணி சுத்தி வெச்சிருப்ப. அதுல ஏது அழுக்கு?"

பெட்டியின் மூடியைத் திறந்து மூடினேன்.

"இதப் பாரும்மா. ரெண்டு நம்பர் சொன்னா, ரெண்டும் தப்புன்னுதான் நான் நெனப்பேன். சின்னதாக் கடைஞ்சு வெச்சு, பிஸ்டன் இறுகிப் புடிச்சுக்கிச்சுன்னா நாந்தான் பதில் சொல்லணும். நாளைக்கிப் பொறப்படறோம், மறுபடியும் மிஷின்ல ஏத்த நேரங்கெடையாது. எங்கிட்ட இருக்கற மைக்ரோமீட்டரு வாய் தேய்ஞ்சு கெடக்குது. காரணம் சொல்லு. காரணம் தெரியாம நான் ஓட்ட மாட்டேன்."

"அம்மா அதைக் கழுவிட்டாங்க."

"கழுவுனாங்களா? எதுக்கு?"

"மஞ்சத்தண்ணில."

"அதான் எதுக்குங்கறேன்?"

அந்தக் கடையை எனக்கு நன்றாகத் தெரியும். ஸ்பீக்கரைச் சுற்றி யார் யார் நிற்பார்கள் என்பதும் தெரியும். கறுப்பு வேட்டியில் குருசாமி, கறுப்பு வேட்டியில் அண்ணன், பெஞ்சில் மாந்தோப்புக்காரர், மறுநாள் வேனில் போகவிருக்கும் இன்னும் இரண்டு பேர். நான் அங்கே போகும்போதெல்லாம் அவர்கள் எழுந்து ஸ்டூலைத் தள்ளிப் போடுவார்கள்.

"நான் அளக்கலீங்க. அண்ணன்தான் அளந்தாரு" என்றேன். "நான் இன்னைக்கு வீட்டுக்குத் தூரங்க. அதனாலதான் கழுவினாங்க. மஞ்சள் ஒட்டி மூணு புள்ளி கூடக் காட்டியிருக்குது."

ரோட்டில் ஒரு பஸ் போகும் சத்தம் போன் வழியாகக் கேட்டது. யாரோ இருமினார்கள். இருமல்தானா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

"சரிம்மா" என்றார் குருசாமி. "நாப்பத்தொம்பது." பிறகு போனிலிருந்து விலகிய குரலில் அண்ணனிடம், "சாமி, நீங்க போயி ஒருக்காத் தலைக்கி ஊத்திட்டு வந்துடுங்க" என்றார். மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. போனை வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்று, கடைசியில் நானே வைத்தேன்.

அம்மா வாசலில் நின்றிருந்தாள். "யாருகிட்ட சொன்ன?"

"குருசாமிகிட்ட."

"ஐயோ, வாய் தொறந்தா சொன்ன? ஆம்பளைங்க இருக்கற எடத்துலயா?"

"சொல்லலைன்னா சிலிண்டர் போயிருக்கும்மா."

அம்மா முந்தானை நுனியை இடுப்பில் செருகினாள். "கழுவாமக் குடுத்தாலும் தப்பு. கழுவிக் குடுத்தாலும் தப்பா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகனின் விரதமும் கெடக் கூடாது, மகளின் வேலையும் நிற்கக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில் இரண்டையும் காப்பாற்றப் பார்த்தாள்.

அண்ணன் திரும்பி வந்து கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. ஜன்னல் பக்கம் வரவில்லை. மறுநாள் சரண கோஷத்தோடு வேன் கிளம்பியதை உர மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கேட்டேன். இருட்டுவதற்கு முன் ஓசூர் பஸ் ஏறினேன்.

பஸ்ஸில், வழக்கம்போல், நடந்ததைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முயன்றேன். இதில் நான் வெட்கப்பட என்ன இருக்கிறது? மாதா மாதம் நடப்பது. படித்தவள்தானே. வெட்கம் இல்லை என்று முடிவு செய்தேன். அடுத்த நிமிஷம் அந்த இருமல் ஞாபகம் வந்தது, முகம் சுட்டது. பக்கத்தில் இருந்தவர் ஜன்னலைத் திறக்கட்டுமா என்று கேட்டார். வெட்கப்படுகிறேனே என்பதும் இன்னொரு வெட்கமாகச் சேர்ந்துகொண்டது. எதையும் எதிலிருந்தும் பிரிக்க முடியவில்லை.

மாலை கழற்றிய பிறகு நானும் அண்ணனும் சேர்ந்துதான் என்ஜினை மாட்டினோம். மாட்டுவதற்கு முன் சிலிண்டரை அளந்தேன். எழுபது புள்ளி நாற்பத்தொன்பது. பிஸ்டன் தன் எடையிலேயே எண்ணெயில் மெதுவாக இறங்கியது. மேலே வரும்போது தலை பழைய இடத்தில் வந்து நின்றது. பாவாடைக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவில் நான் கணக்குப் போட்ட இடம் இருந்தது. அண்ணன் கிக்கரை மிதித்தான். குளிரிலேயே சத்தமில்லாமல் பிடித்துக்கொண்டது. இருவரும் சிரித்தோம். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அவன் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மாந்தோப்புக்காரர் மனைவியை உட்காரவைத்துத் தொப்பூர் மேட்டில் ஒரு லாரியைத் தாண்டினாராம். வந்து அண்ணனிடம் சொன்னார். "எறங்கச் சொல்லலீங்க இந்தத் தடவை" என்று மனைவி சொன்னார். அவர் என்னிடமும் சிரித்தார். கணவர் மட்டும் என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்து நன்றி சொன்னார்.

அதற்குப் பிறகு வேறொரு சிலிண்டருக்காகக் குருசாமி கடைக்குப் போனேன். ஸ்டூல் வந்தது. வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டார். நான் எண்ணைச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, மேஜை டிராயரைத் திறந்து ஒரு புது மைக்ரோமீட்டரை எடுத்தார்.

"உன் நம்பருதான்மா. சும்மா ஒருக்காப் பாத்துக்கறேன்."

அளந்து பார்த்தார். நான் சொன்னதேதான் வந்தது. "சரியாத்தான் இருக்குது" என்றார், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.

அதிலிருந்து ஒவ்வொரு முறையும் அளக்கிறார். அளப்பதுதான் முறை. யார் சொன்ன எண்ணாக இருந்தாலும் நீங்கள் ஒருமுறை அளந்து பாருங்கள் என்று ஆய்வுக் கூடத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிறேன். அவரும் அதைத்தான் செய்கிறார், வேறொன்றும் இல்லை. ஆனாலும் அவர் மைக்ரோமீட்டரைப் பிஸ்டனில் வைத்துத் திருகும்போது, அன்று எனக்கு எந்த நாள் என்று மனதுக்குள் கணக்குப் பார்க்கிறேன். ஒன்றுமில்லை என்று உறுதியான பிறகும், அவர் எண்ணைப் படித்து முடிக்கும்வரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நிற்கிறேன்.